நூற்றுக்கு ஆறு

போன ஐப்பசியில் பள்ளிக்கரணை ரோட்டில்
சைலன்சர் தண்ணீர் குடித்து வண்டி இருமியபோது
புதுப்பேட்டை தேவநேசன் சொன்னான்:
“ஒரு சைஸ் பெரிசு போடுண்ணே,
வெள்ளத்துலயும் தலை தூக்கி நிக்கும்.”
போட்டேன். நின்றது.
கேபினில் ஏற ஒரு விரற்கடை கூடுதலாய்க் காலைத் தூக்கினேன்.
அவ்வளவுதான் வித்தியாசம் என்றிருந்தேன்.

மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு
எழுபது தண்ணீர் கேன்.
நேற்றுவரை முப்பத்தாறு காட்டிய வழி
முப்பத்து மூன்று என்றது.
சாலையை யாரும் சுருக்கவில்லை.
மத்திய கைலாஷ் சிக்னல் அங்கேயேதான் இருந்தது,
எவ்வளவு நேரம் நிறுத்துமோ அவ்வளவு நேரம் நிறுத்தியது.

கிலோமீட்டருக்குப் பத்தொன்பது ரூபாய், கம்பெனி தருவது.
மீட்டர் சொன்னால்தான் ஓடியதாகக் கணக்கு.
என் இடுப்பு சொன்னால் செல்லாது.

ஒரு ஞாயிறு விடியலில் வெளிவட்டச் சாலைக்குப் போனேன்.
பன்னிரண்டாம் கல்லில் தொடங்கி
இருபத்திரண்டில் நிறுத்தினேன்.
கல், பத்து என்றது.
மீட்டர், ஒன்பது புள்ளி நான்கு.
திரும்பி வந்து இன்னொரு முறை. அதேதான்.
பால் வண்டிக்காரன் ஒருவன் ஓரங்கட்டி
“பிரேக்டவுனா?” என்றான்.
“இல்ல, அளக்குறேன்.”
கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

நூற்றுக்கு ஆறு.
மூவாயிரத்துக்கு நூற்றெண்பது.
மாதம் ஒரு தடவை விழுப்புரம் தாண்டிப் போய்
ஒரு டீகூடக் குடிக்காமல் நிற்கிறேன்
எனக்கே தெரியாமல்,
என் டீசலில்.

வேடிக்கை என்னவென்றால் முள் இப்போதுதான் சரி.
புது வண்டியிலேயே அது கொஞ்சம் கூட்டிச் சொல்லும்,
தயாரித்தவன் பயந்து வைத்த கூட்டல்.
பெரிய டயர் அதைக் கழித்துவிட்டது.
வேகம் நிஜம், தூரம் பொய்.
ஒரே சக்கரத்துக்கு இரண்டு நாக்கு.

கணக்கெழுதி ஷமீமாவிடம் நீட்டினேன்.
மூன்று மாதம், பத்தாயிரத்து இருநூற்று அறுபது.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
கூட்டல் சரிதான் என்றாள், கால்குலேட்டரைத் தொடாமலே.
பிறகு கேட்டாள்:
“பழைய டயர் மொட்டையாத்தானே இருந்துச்சு?”

தேய்ந்த டயர் சின்ன டயர்.
சின்னது அதிகம் சுற்றும்,
சுற்றச் சுற்ற எண்ணும்.
பதினான்கு மாதம், மாதத்துக்கு ஐம்பது கிலோமீட்டர்
நான் ஓடாததை எனக்காக அது ஓடியிருந்தது.
பதின்மூன்றாயிரத்து முந்நூறு.
“கழிச்சா நீங்கதான் மூவாயிரத்து நாப்பது தரணும்.”
சிரிக்கவில்லை.
“மேல அனுப்பவா, மூடி வெக்கவா?”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மீட்டர் இல்லை.
தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அடுத்த மாத டிரிப் சீட்டின் ஓரத்தில்
சின்னதாய் ஒரு பெருக்கல் குறி,
பக்கத்தில் ஒன்று புள்ளி சுழியம் ஆறு.
கையெழுத்து இல்லை.
பென்சில். எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம்.
இந்த டயரும் தேய ஆரம்பித்திருப்பது
அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
எழுபது கேன் ஏறியதும் டயர் மயிரிழை உட்காரும்,
வட்டம் சிறுக்கும், மீட்டர் தாராளமாகும்.
காலி கேன் உருள உருளத் திரும்பும்போது
அதே சாலை கொஞ்சம் குட்டை.
போகும்போது ஒரு சோழிங்கநல்லூர்,
வரும்போது வேறொன்று.

மத்திய கைலாஷ். சிவப்பு.
முன்னால் பஸ், பின்னால் பஸ்,
நடுவே என் பம்பரில் சாய்ந்து செல்போன் பேசுகிறவர்.
வண்டி அசையவில்லை.
முள்ளைப் பார்க்கிறேன்: மூன்றில் நிற்கிறது.
வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான், கீழே இறங்காது.
நிற்கும்போதும் மணிக்கு மூன்று கிலோமீட்டர்
எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன்.
அதற்குரிய பத்தொன்பது ரூபாய்களை
யாரிடம் கேட்பது என்று யோசிப்பதற்குள்
பின்னால் ஹாரன்.